சுடுவதற்கு என்று சொல்லி வாங்குங்கள்

கீழக்கரையில் எங்கள் தெருக் கறிக்கடையில் காலை ஆறரை மணிக்கு நின்றால், வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "ஒரு கிலோ கறி, கொஞ்சம் ஈரல் போட்டு." கடைக்காரர் தொடையில் ஒரு வீச்சு, விலாவில் ஒரு வீச்சு, கழுத்தில் ஒரு துண்டு என்று எடுத்துப் புளியங்கட்டையில் போட்டு, பேசிக்கொண்டே பொடியாக வெட்டிப் பையில் கட்டிவிடுவார். ஆணத்துக்கு, அதாவது கறிக்குழம்புக்கு, அதுதான் சரியான கறி. எலும்பும் சவ்வும் கொழுப்பும் சதையும் கலந்து கொதித்தால்தான் ஆணத்தில் ருசி இறங்கும். ஆனால் அதே பையைக் கொண்டுபோய்க் கரி அடுப்பில் வைத்தால் சின்னத் துண்டெல்லாம் கருகும், பெரிய துண்டெல்லாம் ரப்பராக இழுக்கும். மசாலாவைக் குறை சொல்வோம், கரியைக் குறை சொல்வோம். தப்பு நடந்த இடம் கடை. நாம் எதற்கு வாங்குகிறோம் என்று அங்கே சொல்லவே இல்லை.

நான் 11 வருடம் ஷார்ஜாவில் ஒரு சுட்ட கறி உணவகத்தில் கறி வெட்டும் மேசையில் நின்றவன். ஊர் திரும்பிய முதல் வருடம், மச்சான் விடுப்பில் வந்திருந்தபோது, எல்லோருமாகக் கடற்கரைக்குப் போய்க் கறி சுடலாம் என்று முடிவு செய்தோம். அன்று காலையில் அறுத்த ஆட்டில் மூன்று கிலோ வாங்கி வரச் சொன்னேன். வந்தது ஆணத்துக் கறி. பரவாயில்லை என்று பெரிய துண்டுகளைப் பொறுக்கி மசாலா தடவினேன். மாலை அஸர் தொழுகை முடிந்து கரி மூட்டினேன். வாசமெல்லாம் நன்றாகத்தான் வந்தது. மச்சானின் வாப்பாவுக்கு முதல் தட்டைக் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் வைத்து மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அப்புறம் கடல் பக்கம் திரும்பிக் கைக்குட்டையில் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் "நல்லா இருக்கு தம்பி" என்றார். மீதிக் கறியை உம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்க் குக்கரில் போட்டார். அந்தக் கைக்குட்டையை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். ஷார்ஜாவில் இரண்டு காரியம் எனக்குத் தெரியாமலே சரியாக நடந்துகொண்டிருந்தது. ஒன்று, முழு ஆடு குளிர் அறையில் ஒரு நாளாவது தொங்கிய பிறகுதான் என் மேசைக்கு வரும். இரண்டு, எந்த இடத்துச் சதை எதற்கு என்று நானே பிரித்துக்கொள்வேன். ஊரில் இந்த இரண்டையும் விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதும் இந்த இரண்டைப் பற்றித்தான்.

முதலில் ஆடு

நம் கரையில் கறிக்கடைக்கு வருவது பெரும்பாலும் வெள்ளாடுதான். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கொடி ஆடு உயரமானது, நீளக் கால், ஒல்லி உடம்பு. வெள்ளையில் கறுப்பு சிந்தியிருந்தால் கரும்போரை, சிவப்பு சிந்தியிருந்தால் செம்போரை. முள்ளுக்காட்டில் நாள் முழுக்க நடந்து மேய்கிற ஆடு என்பதால் கறிக்கு மணம் உண்டு. கொழுப்பு குறைவு, கால் சதை இறுக்கம். ஆகவே வயது முக்கியம். செம்மறியில் ராமநாதபுரம் வெள்ளை இருக்கிறது. செம்மறிக் கறியில் சதையின் மேல் கொழுப்பு படர்ந்திருக்கும். கரியில் அது சொட்டி எழுகிற புகைதான் அரபுக் கடைகளில் நீங்கள் தெருமுனையிலேயே பிடிக்கிற அந்த வாசம். சுடுவதற்கு எனக்குச் செம்மறிக் குட்டிதான் முதல் விருப்பம். வீட்டில் செம்மறி வாடை ஆகாது என்பவர்கள் வெள்ளாட்டில் இளசாகப் பார்த்து வாங்கலாம்.

வயதை எப்படிப் பார்ப்பது? குர்பானிக்கு ஆடு பிடிக்கும்போது நாம் எல்லோரும் பல் பார்க்கிறோம் அல்லவா, அதேதான். தலை கடையிலேயே கிடக்கும். கீழுதட்டை விலக்கிப் பாருங்கள். ஆட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. எட்டும் சின்னச் சின்னப் பால்பல்லாக இருந்தால் ஏறக்குறைய ஒரு வயதுக்கு உட்பட்டது. நடுவில் இரண்டு மட்டும் அகலமாக முளைத்திருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை வயது. நாலு அகலப் பல் என்றால் இரண்டை ஒட்டிவிட்டது. சுடுவதற்குப் பால்பல் அல்லது இரண்டு பல். அதற்கு மேல் போனால் ஆணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தலையைப் பார்க்க முடியாவிட்டால் தொங்குகிற உடம்பே சொல்லும். உரித்துத் தொங்கும்போது 8 முதல் 12 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சதை இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கருஞ்சிவப்பு என்றால் கிழடு, அல்லது அறுக்கும் முன் விரட்டிக் களைத்த ஆடு. கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக இருக்கட்டும். நெஞ்செலும்பின் நுனி நகத்தால் கீறினால் கீறல் விழும் குருத்தாக இருந்தால் இளசு. தொடையின் மேலே ஒரு மெல்லிய படலம் காய்ந்து பளபளப்பாக ஒட்டியிருக்கும். அது ஈரமாக, சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். தண்ணீர் குடித்த கறி அடுப்பில் முதலில் அவியும், அப்புறம்தான் சிவக்கும், சிவப்பதற்குள் உள்ளே காய்ந்துவிடும்.

கிடாயில் இன்னொரு கவனம். காயடிக்காத பெரிய கிடாய்க்கு ஒரு வீச்சம் உண்டு. ஆணத்தில் பட்டை, கிராம்பு, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து அதை மறைத்துவிடும். கரியில் மறைக்க ஒன்றும் இல்லை, நேராக மூக்குக்கு வரும். காயடித்த கிடாயா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைக்காரர்கள் இதை மறைப்பதில்லை. கேட்கிறவரைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு மரியாதைதான் வருகிறது. அவர்களில் பலர் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை வரை போய் ஆடு பிடித்து வருகிறவர்கள். ஆட்டைப் பற்றி அவர்களிடம் நாம் கேட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

எந்த இடம்

ஆடு நடக்கும்போது வேலை செய்கிற சதை இறுகும், சும்மா இருக்கிற சதை மெதுவாக இருக்கும். கழுத்து குனிந்து நிமிர்கிறது, முன்னங்கால் உடம்பைத் தாங்குகிறது, முழங்காலுக்குக் கீழே முழுக்க நரம்பு. முதுகு மட்டும் சும்மா சவாரி செய்கிறது. ஆகவே முதுகுதான் சுடுவதற்கு முதல் இடம். அடுத்தது பின்னந்தொடை. இந்த இரண்டையும் கேட்டு வாங்கத் தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது.

முதுகில் தொடங்குகிறேன். ஆட்டுக்கு ஒரு பக்கத்துக்கு 13 விலா. கழுத்துப் பக்கத்து ஐந்து விலாவின் மேல் தோள் சதை ஏறியிருக்கும், அங்கே இழுக்கும். இடுப்புப் பக்கத்திலிருந்து எண்ணி எட்டு விலா, அதுதான் சுடுகிற சாப்ஸ். கடையில் சாப்ஸ் என்று மட்டும் கேட்டால் விலாவைச் சின்னச் சின்னதாக வெட்டித் தருவார்கள், பெப்பர் வறுவலுக்கு. அது வேண்டாம். முதுகெலும்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு விலாவுக்கு ஒரு துண்டு. விலா எலும்பு நாலு விரல் நீளத்துக்கு நிற்கட்டும், அதற்குக் கீழே இருப்பதை நறுக்கி ஆணத்துக்குப் போடட்டும். ஒற்றை விலாவாக வெட்டினால் நம் குட்டி ஆட்டில் துண்டு ஒரு பிஸ்கட் கனம்தான் வரும், திருப்புவதற்குள் காய்ந்துவிடும். இரண்டு விலா சேர்ந்தால் கட்டைவிரல் கனத்தை விடக் கொஞ்சம் கூட இருக்கும். நல்ல தணலில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம், கையில் எலும்பைப் பிடித்துச் சாப்பிடலாம்.

விலா முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில் எலும்புக்கு அடியில், உள்பக்கம், குண்டிக்காய் (சிறுநீரகம்) ஒட்டியிருக்கிற இடத்தில் இரண்டு நீளத் துண்டு இருக்கும். பென்சிலை விடக் கொஞ்சம் நீளம், நடுவில் இரண்டு விரல் கனம். இரண்டும் சேர்ந்து 150 கிராம் வந்தால் பெரிது. ஆட்டிலேயே மெதுவான சதை இதுதான். பெரும்பாலும் எலும்போடு சேர்த்து வெட்டுப்பட்டு யாருடைய ஆணத்திலோ போய்விடும். விரலை உள்ளே விட்டு, கத்தி கூட வேண்டாம், படலத்தைக் கிள்ளி இழுத்தாலே உரிந்து வரும். எனக்கு இது கிடைத்தால் வீட்டில் பல் இல்லாத பெரியவர்களுக்கு என்று தனியாக எடுத்துவைப்பேன். உப்பும் மிளகும் போதும்.

இனி தொடை. பத்துக் கிலோ உடம்பில் ஒரு பின்னந்தொடை ஒன்றரைக் கிலோ வரும். இதை முழுசாக, எலும்போடு, வெட்டாமல் வாங்க வேண்டும். முதன்முறை நான் இப்படிக் கேட்டபோது எங்கள் கடைக்காரக் காக்கா (அண்ணன்) கத்தியை ஓங்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"வெட்டாம எப்படி வேகும்?"

"சுடுறதுக்கு காக்கா. வீட்டுல நான் பிரிச்சுக்கிறேன்."

"சுடுறதுன்னா பொடிசா இருந்தாத்தானே நல்லது?"

அவர் முப்பது வருடமாக ஆணத்துக்கு வெட்டுகிறவர். அந்தக் கையின் வேகம் எனக்கு வராது. அவரிடம் வாதாடவில்லை. மறுநாள் மாலை சுட்டதில் இரண்டு கம்பியை ஒரு தட்டில் மூடி எடுத்துப்போய்க் கடையில் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார். "இது எந்த இடம்?" என்று கேட்டார். அவர் கையாலேயே கொடுத்த தொடை என்றேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்ததும் "சுடவா, ஆணத்துக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார். எலும்புக்கு அடியில் இருக்கிற அந்த இரண்டு நீளத் துண்டையும் எனக்குத் தனியாக எடுத்துவைக்கிறார்.

வீட்டில் தொடையைப் பிரிப்பது பயப்படுகிற வேலை இல்லை. பலகையில் உள்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். உற்றுப் பார்த்தால் தொடை ஒரே சதை இல்லை என்று தெரியும். நாலைந்து உருண்டைகள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு கிடக்கும், இடையில் வெள்ளைக் கோடாகச் சவ்வு ஓடும். சின்னக் கத்தியின் முனையால் அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டு, மறு கையால் உருண்டையை இழுத்தால், பலாச்சுளை போலப் பிரிந்து வரும். கத்திக்கு அங்கே வேலையே குறைவு, விரலுக்குத்தான் வேலை. ஒவ்வொரு உருண்டையின் மேலும் வெள்ளியாய் மின்னுகிற ஒரு தோல் ஒட்டியிருக்கும். அதன் ஓரத்தைக் கீறிப் பிடித்து, கத்தியைச் சதையோடு படுக்கவைத்து உரித்துவிடுங்கள். இதை விட்டால் தீயில் சுருண்டு துண்டையே கோணலாக்கும். மச்சானின் வாப்பா மென்று முடிக்க முடியாமல் போனது பாதி இந்தத் தோலால்தான்.

உருண்டைகளைத் துண்டு போடும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். பெருநெல்லி அளவு துண்டு சரியான அளவு. ஒன்றரைக் கிலோ தொடையில் தனிக்கறி ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். நாலு பேருக்கு அது போதும். ஆளுக்கு கால் கிலோ தனிக்கறி, எலும்போடு என்றால் 400 கிராம் என்று கணக்கு வைத்து வாங்குங்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கிற பகுதியைச் சுடாதீர்கள், அது நல்லி சூப்புக்கு.

முன்னந்தொடை வேறு விஷயம். சில கடைகளில் சப்பை என்பார்கள். கொழுப்பும் சவ்வும் கலந்து ருசியில் பின்னந்தொடையை மிஞ்சும், ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு ஆகாது. முழுசாக வைத்து, தணலை ஒரு ஓரத்துக்கு ஒதுக்கி, மூடி போட்டு, இரண்டரை மூன்று மணி நேரம் விட வேண்டும். மூடியுள்ள அடுப்பு இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் அதைக் கொத்துக்கறிக்குக் கொடுத்துவிடலாம்.

கொழுப்பு, ஈரல், கொத்துக்கறி

வெள்ளாட்டுத் தனிக்கறியில் கொழுப்பு போதாது. கம்பியில் கோக்கும்போது இரண்டு மூன்று துண்டுக்கு ஒரு கொழுப்புத் துண்டு இடையில் இருந்தால், அது உருகிப் பக்கத்துத் துண்டுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். குண்டிக்காயைச் சுற்றி இருக்கிற கெட்டிக் கொழுப்பைக் கேளுங்கள், செம்மறி அறுத்த நாளாக இருந்தால் அதிலிருந்து. நூறு கிராம் போதும். பெரும்பாலும் கடைக்காரர் காசு வாங்க மாட்டார்.

குடலைச் சுற்றி வலை மாதிரி ஒரு கொழுப்பு இருக்கும். தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியும், மெல்லிய வெள்ளைத் துணியில் பூவேலை செய்ததுபோல. குடல் சுத்தம் செய்யும்போது இதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். நான் முதல் நாளே சொல்லி வாங்கிவிடுவேன். அதை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் விரிந்து கொடுக்கும். ஈரலை இரண்டு விரல் கனத்துக்குத் துண்டாக்கி, மேலே இருக்கிற மெல்லிய தோலை உரித்து, உப்பு, மிளகு, சீரகத் தூள் தூவி, ஒவ்வொரு துண்டையும் இந்த வலையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கம்பியில் கோத்துத் தணலில் வையுங்கள். ஈரல் தனியாகச் சுட்டால் ஒரு நிமிடம் கூடினாலும் மண்ணாகிவிடும். வலைக்குள் இருந்தால் கொழுப்பு உருகி வெளியே மொறுமொறுவென்று ஒரு கூடு கட்டும், உள்ளே ஈரம் நிற்கும். ஷார்ஜாவில் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஆப்கானிஸ்தான்காரர். என் பிள்ளைகள் ஈரல் சாப்பிடத் தொடங்கியதே இப்படித்தான்.

ஈரல் மட்டும் அறுத்த அன்றே சுட வேண்டும். அது காத்திருக்காது. பளபளப்பாக, அழுத்தினால் எழும்பி நிற்கிற ஈரலாக வாங்குங்கள். வெள்ளைப் புள்ளியோ கட்டியோ இருந்தால் வேண்டாம்.

கொத்துக்கறிக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஏற்கெனவே கொத்திக் குவித்து வைத்ததை வாங்காதீர்கள். கண் முன்னால் முன்னந்தொடையும் கொழுப்பும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்த்து, இரண்டு தடவை கொத்தச் சொல்லுங்கள். கம்பியில் பிடித்துச் சுடும்போது உதிர்ந்து விழுகிறது என்று சொல்கிறவர்கள் முட்டையும் கடலை மாவும் சேர்க்கிறார்கள். கொழுப்பு சரியாக இருந்து, கறி குளிர்ந்திருந்து, உப்புப் போட்டு நன்றாகப் பிசைந்தால் எதுவும் சேர்க்காமலே பிடித்துக்கொள்ளும்.

கோழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைகளில் கேட்காமலே தோலை உரித்துவிடுகிறார்கள். சுடுவதற்குத் தோல் வேண்டும், ஆகவே முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ கோழியில் தொடையும் காலும் சேர்ந்த முழுக்கால்தான் நல்லது. நெஞ்சுக் கறி காய்ந்துபோகும். எலும்பு வரை இரண்டு கீறல் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எலும்போரம் இரத்தமாக நிற்கும். உள்ளே 74 டிகிரி வர வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் தொடையின் கனத்த இடத்தில் குத்திப் பாருங்கள், தெளிந்த நீர் வந்து, எலும்போரம் சிவப்பு இல்லாமல் இருக்க வேண்டும். நாட்டுக்கோழியில் முட்டைக்கு வராத வெடக்கோழி மட்டும்.

மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற நீளத் துண்டைக் கேளுங்கள், சில கடைகளில் அண்டர்கட் என்றால் புரியும். அது முன்கூட்டியே சொன்னால்தான் கிடைக்கும், ஓட்டல்காரர்கள் கொண்டுபோய்விடுவார்கள்.

எப்போது வாங்குவது

அறுத்த சூட்டோடு வாங்கினால்தான் நல்ல கறி என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. வாப்பா காலத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை, அப்போது அது சரியான அறிவுதான். சுடுவதற்கு அது பொருந்தாது. ஆடு அறுபட்ட சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கும். அந்த விறைப்பு நேரத்தில் சதை மரக்கட்டை. நேரம் போகப் போகச் சதைக்குள்ளேயே இருக்கிற நொதிகள் நாரை மெல்ல அறுத்து மறுபடி இளக்கும். காலையில் வாங்கி அன்றைக்கே சுட்டேன் என்று சொன்னேனே, அது ஏறக்குறைய விறைப்பின் உச்சத்தில் கறியை அடுப்பில் வைத்த கதை. ஆணத்தில் ஒரு மணி நேரம் கொதித்தால் இந்தக் குறை தெரியாது. கரியில் பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

ஆகவே ஞாயிறு மாலை சுட வேண்டும் என்றால் சனிக்கிழமை காலையில் வாங்குங்கள். நேராக வீட்டுக்கு வாருங்கள், வெயிலில் வண்டியில் தொங்கவிட்டு நாலு இடம் சுற்றாதீர்கள். தொடையைக் கழுவாமல், சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, அடியில் தட்டு வைத்த ஒரு வலைத்தட்டில், மேலே துணி போர்த்தி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 24 முதல் 36 மணி நேரம் வையுங்கள். சமைத்த சாப்பாடு எதுவும் அதற்குக் கீழே இருக்கக் கூடாது. மேல்பக்கம் லேசாகக் காய்ந்து நிறம் கறுக்கும், அது கெட்டுப்போனது இல்லை. மோந்து பாருங்கள், புளித்த வாடையோ, தொட்டால் பிசுபிசுப்போ இல்லாவிட்டால் நல்ல கறி.

ஃப்ரீசரில் மட்டும் அன்றே வைக்காதீர்கள். விறைப்பு முடிவதற்கு முன் கடும் குளிரில் போட்டால் சதை சுருண்டு இறுகிவிடும், அந்த இறுக்கம் பிறகு முழுசாகப் போகாது. கொழுப்புப் போர்வை இல்லாத வெள்ளாட்டுக் கறியில் இது சீக்கிரம் நடக்கும். தொடையை வெட்டாமல் எலும்போடு வாங்கச் சொன்னதற்கு முக்கியமான காரணமும் இதுதான். எலும்பில் இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்கிற சதைக்குச் சுருங்க இடம் குறைவு. முதல் நாளே துண்டு போட்டுவிட்டால் ஒவ்வொரு துண்டும் இஷ்டத்துக்குச் சுருங்கும். பிரிப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடம் சொல்வதும் முதல் நாளே நடக்கட்டும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பதினைந்து பேர் நிற்கும்போது, விலாவை இரண்டிரண்டாக வெட்டுங்கள் என்று கேட்டால் எந்த மனிதருக்கும் முடியாது. வெள்ளிக்கிழமை மாலை கடை காலியாக இருக்கும்போது போய், "நாளைக்கு ஒரு பின்னந்தொடை முழுசா, இடுப்புப் பக்கத்து எட்டு விலா, குண்டிக்காய்க் கொழுப்பு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தச் சமயத்தில் மீன் குறைந்து கறிக்கடையில் கூட்டம் கூடும், அப்போது இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள். பெருநாளை ஒட்டிய வாரத்தில் கேட்கவே கேட்காதீர்கள், அவர்களுக்குத் தூங்கவே நேரம் இருக்காது.

மசாலாவில் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இப்படி வாங்கி, இப்படிக் காத்திருந்த கறிக்குப் பப்பாளிக்காய் தேவைப்படாது. சப்பைக் கறியாகவோ கொஞ்சம் முற்றிய ஆடாகவோ வாய்த்துவிட்டால், பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்துக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு மணி நேரம். அதற்கு மேல் விட்டால் கறி களியாகும். வாலிநோக்கத்துக் கல்லுப்பைப் பொடித்து, கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன், சுடுவதற்கு நாலு மணி நேரம் முன்பே தடவிவிடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் குண்டு மிளகாயை ஊறவைத்து அரைத்து, பூண்டும் நல்லெண்ணெயும் சேர்த்து வைத்துக்கொண்டு, கறி பாதி வெந்த பிறகு பூசுங்கள். முதலிலேயே பூசினால் மிளகாய் கருகிக் கசக்கும்.

கரி விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி கனமானது, நின்று எரியும். இரண்டு துண்டைத் தட்டினால் கிண்ணென்று ஓசை வர வேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே பாதி விறகாகவே இருக்கிறது, புகைந்து கண்ணை எரிக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடற்கரையில் சுடுகிறவர்கள் அடுப்பை ஒரு வள்ளத்தின் மறைவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தீயும், மறு பக்கம் சாம்பலுமாக இருக்கும். கரி முழுக்க வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு கம்பியை வையுங்கள். தனிக்கறித் துண்டுக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டே இருங்கள். எடுத்ததும் ஐந்து நிமிடம் தட்டில் மூடி வைத்துவிட்டுப் பரிமாறுங்கள்.

தொடையிலிருந்து கழற்றிய எலும்பு, உரித்த சவ்வு, நறுக்கிப் போட்ட விலா நுனி, முழங்கால் நல்லி எல்லாவற்றையும் கறி பிரிக்கும்போதே ஒரு சட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கரி மூட்டுகிற நேரத்தில் அது சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சளோடு வீட்டு அடுப்பில் ஏறிவிட்டால், ராத்திரி முழுக்கச் சாறு இறங்கி, மறுநாள் காலையில் இடியாப்பத்துக்கு ஆணம் தயாராக இருக்கும்.